சாவுச் செய்தி சொல்ல என்னை அனுப்பாதீர்கள்

“குண்டு! படுங்கடா! ரேடியோ, படுறா!”

டிரைவர் மணி கத்துகிறான். ரேடியோ என்பது நான். எனக்குக் கேட்கவில்லை. கம்ப்ரஸர் ஓடுகிறது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிப் பக்கத்தில் நின்றால் நாம் கத்துவதே நமக்குக் கேட்காது. மணி ரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டுகிறான். ஆட்டம் போடுகிறான் என்று நினைத்தேன். நானும் இடுப்பை வளைத்து ஒரு ஆட்டம் போட்டேன். லீவர் பிடித்திருந்த செல்வம் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

மண் எழும்புகிறது. துளையிலிருந்து வரும் தூசி என்று நினைத்தேன். அது வெள்ளையாக வரும். இது கறுப்பு. திரும்பினேன். லீவர் பக்கம் ஆள் இல்லை. செல்வம் கீழே கிடந்தான். நெஞ்சில் பட்டிருந்தது. ஓடிப்போய்க் கம்ப்ரஸரை அணைத்தேன். அப்புறம்தான் அடுத்தடுத்த குண்டுகளின் சத்தம் கேட்டது. முதலில் சீழ்க்கை மாதிரி மெலிதாக. பிறகு ஒரு ‘டப்’. பிறகு தரை ஆடுகிறது.

புதன்கிழமை. வெயில் ஏறும் நேரம். வடக்கே, எல்லையோரம் ஒரு கிராமம். நாங்கள் திருச்செங்கோட்டிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு பிழைக்கப் போனவர்கள். சண்டை நாட்டுக்கும் நாட்டுக்கும். எங்களுக்கு அங்கே தண்ணீர் எடுக்கும் வேலை மட்டும்தான்.

இதை நான் எழுதவில்லை. என் கையெழுத்தே கட்டைவிரல்தான். போனில் பேசினேன், போன் எழுதியது. பிழை இருந்தால் போனைத் திட்டுங்கள். ஆனால் கடைசிவரை படியுங்கள். உங்கள் வீட்டிலும் ஒருநாள் சாவு விழும். என்ன செய்வதென்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. உங்களுக்காவது தெரியட்டும்.

துளைக்குள் இறக்கும் இரும்பு ராடுகளை ஏற்றும் லாரியில் அவனைப் போட்டோம். மணி ஓட்டுகிறான். செல்வத்தின் தலை என் மடியில். “எந்திரி சாமி, எந்திரி சாமி” என்று வழியெல்லாம் கத்தினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார். இந்தி எனக்கு அரைகுறை. ஆனால் அவர் தலையை ஆட்டியது புரிந்தது.

கண்ணை மூடுங்கள். தாடையைத் துண்டால் கட்டுங்கள். கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுங்கள். உடம்பு விறைப்பதற்குள் செய்ய வேண்டும். நான் என் தலைத்துண்டைக் கிழித்துக் கட்டினேன். டாக்டர் வாயால் சொன்னது போதாது, எழுதி வாங்குங்கள். மணி அதை வாங்கினான். அடுத்தது வீட்டுக்குச் சொல்வது. அங்கேதான் மாட்டினேன்.

பிணங்களைக் கீழே நகரத்துக்குக் கொண்டுபோக ஒரே வண்டி. சாயங்காலம் கிளம்பும். செல்வத்தின் அடையாள அட்டை ஊரில் இருந்தது. வீட்டிலிருந்து அட்டையின் படம் வந்தால் ஏற்றுவார்களாம். வராவிட்டால் அங்கேயே குழி. பிணவறையில் இடமில்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது.

செல்வத்தின் கால்சட்டைப் பையில் போன் அடிக்கிறது. திரையில் சுமதியின் படம். அவன் பெண்டாட்டி. ஆட்டையாம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறாள். இங்கே கம்ப்ரஸர், அங்கே தறி. தினமும் இரண்டு பேரும் கத்திக் கத்தித்தான் பேசிக்கொள்வார்கள்.

நான் எல்லார் குரலிலும் பேசுவேன். ரேடியோ என்ற பேரே அதனால்தான். அவன் போனை எடுத்து அவன் குரலிலேயே, ராத்திரிக்கு என்ன சோறு என்று எத்தனையோ தடவை அவளிடம் கேட்டிருக்கிறேன். அவளும் பாவம், குழம்பு ரசம் எல்லாம் சொல்லி முடிப்பாள். அப்புறம்தான் திட்டுவாள்.

எடுத்தேன்.

“அம்மிணி, ரேடியோ பேசறேன்.”

“அவருகிட்ட குடுங்ண்ணா.” பின்னால் தறிச் சத்தம்.

“செல்வம் செத்துட்டான் அம்மிணி.”

சிரித்தாள். “போன வாரம் அவருக்கு ரெண்டாங் கல்யாணம்னீங்க. இந்த வாரம் சாவுங்களா? அடுத்த வாரம் எனக்குக் கருமாதிச் சோறு வாங்கிட்டு வாங்க.” வைத்துவிட்டாள்.

மறுபடி கூப்பிட்டு மணியிடம் கொடுத்தேன். அவன் அழுதுகொண்டே சொன்னான்.

“நெசந்தான் அம்மிணி. நான் மணி பேசறேன். ஒடனே அவன் அட்டையப் படம் புடிச்சு அனுப்போணும்.”

“மணிண்ணனாட்டவே பேசறீங் ரேடியோண்ணா. அழுகறதுதான் கொஞ்சம் சாஸ்தியாப் போச்சு.”

வீடியோவில் காட்டிவிடலாம் என்றான் மணி. அந்த நெஞ்சை அவளுக்கு எப்படிக் காட்டுவது? வெளியே வண்டியில் மற்றவர்களை ஏற்றுகிறார்கள். போனை வாங்கிக் காதில் வைத்தேன். பேச்சு வரவில்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவை.

“ஏனுங்ண்ணா, இருக்கறீங்களா? மிசின் சத்தத்தையே காணோம்?”

“நிறுத்தியாச்சு அம்மிணி.”

“நானூறு அடி போயிருக்குன்னு காத்தால சொன்னாரே. ராடு உள்ள இருக்கறப்ப நிறுத்த மாட்டீங்களே. அடியில தொளைக்கற பிட்டு சிக்கிக்குமே.”

“சிக்கிட்டுப் போகட்டும் அம்மிணி.”

தறி ஓடியது. டக் டக் டக். பிறகு ஒரு தறி நின்றது. பிறகு பக்கத்துத் தறி. அதற்கடுத்த தறி. அந்தப் பக்கம் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை.

“என்ன அனுப்போணும், சொல்லுங்.”

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அட்டையின் படம் வந்தது. வண்டியில் ஏற்றினார்கள். நானும் ஏறினேன்.

இனிச் சொல்வதை நன்றாகக் கேளுங்கள். கூட வேலை செய்பவரின் அட்டையைப் படம் எடுத்து உங்கள் போனில் வையுங்கள். அடிபட்டுச் செத்தால் போலீஸும் பிணப் பரிசோதனையும் உண்டு. அதைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள். பின்னால் எல்லாவற்றுக்கும் அந்தக் காகிதத்தைத்தான் கேட்பார்கள். சாவை, செத்த ஊரில்தான் பதிய வேண்டும். சொந்த ஊர் ஆபீசில் நின்றால் திருப்பி அனுப்புவார்கள். நான் நின்றேன். அனுப்பினார்கள். அங்கிருந்து கிளம்புமுன்பே பதிந்து, சான்றிதழுக்கு நாலைந்து நகல் வாங்கிவிடுங்கள். வாரிசுச் சான்றிதழ் மட்டும் நம் தாலுகாவில். செத்தவரின் சிம்மை உடனே நிறுத்தாதீர்கள். பேங்கிலிருந்து வரும் நம்பரெல்லாம் அதில்தான் வரும்.

விமானத்தில் கோயமுத்தூர். அங்கிருந்து ஆம்புலன்ஸ். ஆட்டையாம்பட்டியில் அவன் தெருவுக்குள் வண்டி நுழைந்தபோது ஒரு தறியும் ஓடவில்லை. முகம் மட்டும் காட்டினோம். தாடையில் என் துண்டு அப்படியே இருந்தது. வாய்க்கரிசி போடும்போது சுமதி என்னை நிமிர்ந்து பார்த்தாள். இப்போதாவது சிரித்துவிட்டு, எல்லாம் சும்மா என்று சொல்ல மாட்டேனா என்று பார்த்தாள்.

அவன் போனை அவள் இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள். கருமாதி முடிந்த மறுநாள் அதிலிருந்து கூப்பிட்டாள். என் திரையில் செல்வத்தின் படம் வருகிறது. எடுக்கிறேன்.

“ரேடியோண்ணா, ஒருக்கா அவராட்டப் பேசுங்ண்ணா. ராத்திரிக்கு என்ன சோறுன்னு கேளுங். ஒருக்கா போதும்.”

வாயைத் திறந்தேன். மணி குரல் வந்தது. முதலாளி குரல் வந்தது. வேறு யார் யாரோ வந்தார்கள். அவன் வரவில்லை. அவள் காத்திருந்தாள். பிறகு அவளே சொன்னாள்: “ரசமும் அப்பளமுங்க.” வைத்துவிட்டாள்.

போனவை இவ்வளவுதான். நானூறு அடி ராடு, நுனியில் பிட்டோடு, இன்னும் அந்த மண்ணுக்குள். தண்ணீர் வராத ஒரு துளை. அவனோடு போன என் துண்டு. ஆள் ஒருவன். பெயர் செல்வம். அவன் குரல், என்னிடம் இருந்தது. அதுவும்.