குள்ளனுக்குப் பதினேழுதான்

இந்த மேஜை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, சார். அட்டைத் துண்டு ஏதாவது மடித்து அந்தக் காலுக்கு அடியில் கொடுத்தால் சரியாகிவிடும். சாய்ந்த மேஜையைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. அதில் பகடை உருட்டினால் நியாயமான எண் விழாது.

பகடை என்றதும் சூதாட்டம் என்று எழுதிவிடாதீர்கள். நாங்கள் ஆடுவது கதை விளையாட்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் என் ஜிம்மை மூடியபிறகு அங்கேயே நாலு பேர் உட்காருவோம். கதையை நடத்துகிறவன் நான். தையல்காரர், மருந்துக்கடைக்காரர், என் மனைவியின் தம்பி, மூவரும் ஆளுக்கொரு வேஷம் எடுப்பார்கள். மனிதன், பூதம், குள்ளன், எந்த இனமும் எடுக்கலாம். மூன்று பகடையை உருட்டி விழுகிற கூட்டுத்தொகைதான் அந்த வேஷத்தின் பலம். ஆனால் இனத்துக்கு இனம் உச்சவரம்பு உண்டு. மனிதனுக்குப் பதினெட்டு. குள்ளனுக்குப் பதினேழு. விதிப்புத்தகத்தில் அச்சடித்திருக்கிறது; நான் கண்டுபிடித்ததில்லை.

மச்சினன் எப்போதும் குள்ளனைத்தான் எடுப்பான். ஆளும் என் தோளுக்குக் கீழேதான். கடுகு என்றே எல்லோரும் கூப்பிடுவோம். அன்று உருட்டினான். மூன்றிலும் ஆறு.

"பதினெட்டு. எழுதிக்கோங்க மாமா."

"குள்ளனுக்குப் பதினேழுதான் மாப்ளே."

"விழுந்தது என் கையால. வெட்டுறது உங்க பேனாவா?"

தையல்காரர் குறுக்கே வந்தார். "விடுங்கண்ணே, ஒரு எண்ணுதானே. நான் உங்க இடுப்புக்கு வருஷா வருஷம் விட்டுக் குடுக்கலையா?"

ஒரு எண்ணுதானே. இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது, சார். எடுத்த எடை பிளேட்டை எடுத்த இடத்தில் வைக்கவும் என்று ஜிம் முழுக்க எழுதிப் போட்டிருக்கிறேன். ஒருத்தன் வைப்பதில்லை. ஒரு பிளேட்டுதானே என்பான். செருப்பை வாசலில் விடு என்றால், ஒரு நாள்தானே என்பாள் மனைவி. கரை இருக்கிறவரைக்கும்தான் அது ஆறு. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

அடுத்த வாரம் ஓட்டெடுப்பு வைத்தார்கள். வரம்பு வேண்டாம் என்று மூன்று கைகள் உயர்ந்தன.

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது மாமா," என்றான் அவன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "குள்ளனால முடியும்னா செஞ்சு காட்டு மாப்ளே. நான் தூக்குற எடைக் கம்பியப் படுத்துத் தூக்கு. பதினெட்டுத் தடவை. நானே என் கையால எழுதறேன்."

பின்வாங்குவான் என்று நினைத்தேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். ஒரு வருஷமாக விடியற்காலையில், நான் வருவதற்கு முன்னால், அங்கே வந்து பழகியிருக்கிறான். சாவி கொடுத்தது என் மனைவி. என் ஜிம், என் சாவி, எனக்குத்தான் தெரியாது.

படுத்துத் தூக்குகிறவனின் தலைமாட்டில் ஒருவர் நிற்க வேண்டும். கை தளர்ந்தால் கம்பி கழுத்தில் இறங்கிவிடும். அதைப் பிடிக்கத்தான் அந்த ஆள். அதுவும் விதிதான். அதனால் நான் நின்றேன். அங்கே என்னைவிட அனுபவம் யாருக்கு இருக்கிறது?

மருந்துக்கடைக்காரர் உரக்க எண்ணினார். பத்துவரை கேலியும் கிண்டலுமாகப் போனது. அந்தக் கம்பியை நான் பதினாறு தடவைக்கு மேல் தூக்கியதில்லை. அளவு தெரிந்தவன் நான். அவன் பதினாறைத் தாண்டியபோது தையல்காரர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். பதினேழு. கம்பி நெஞ்சுக்கு இறங்கி, மறுபடி ஏறத் தொடங்கியது.

மெதுவாகத்தான், ஆனால் கம்பி ஏறிக்கொண்டிருந்தது. இதை நான் மறைக்கப்போவதில்லை. முழங்கை நிமிர இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. தலைகீழாக என் முகத்தைப் பார்த்தான்.

"பிடிக்காதீங்க மாமா," என்றான்.

என் கை கம்பியில் இருந்ததை மற்ற இருவரும் பார்த்திருக்கிறார்கள். காப்பாற்றத்தான் பிடித்தேன் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் தப்பான சாட்சியத்தை நீங்கள் எழுதிக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. நான் பிடிக்கவில்லை, சார். இரண்டு உள்ளங்கையையும் கம்பியின்மேல் வைத்து, அது கழுத்தில் உட்காரும்வரை அழுத்தினேன். அசைவு நிற்கும்வரை எடுக்கவில்லை.

அவன் அக்கா வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்றீர்களே, அவளிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். கை முழுசாக நிமிரவில்லை. நிமிராதது கணக்கில் வராது. பதினேழுதான், சார். நான் ஆரம்பத்திலிருந்தே அதைத்தானே சொன்னேன்?