கூடத்தில் தொங்கிய கலங்கரை விளக்கம்

எனக்கு ஓர் ஆணியை நேராக அடிக்க வராது. இதை முதலில் எழுதிக்கொண்டீர்கள் என்றால் மற்றதெல்லாம் எளிதாகப் புரிந்துவிடும், ஐயா. நான் அடித்த ஆணியில் காலண்டர்கூடச் சாய்ந்துதான் தொங்கும். அண்ணன் எனக்கு வைத்த பெயரே அரைகுறை. தபால்காரர்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் வீட்டை விசாரிப்பார்.

அண்ணன் கப்பலில் சமையல்காரர். இறங்கிய துறைமுகத்தில் எல்லாம் விளக்கெரியும் பொம்மை ஒன்று வாங்கி வருவார். கோபுரம், பாலம், வயிற்றுக்குள் பல்பு எரியும் பெங்குவின். ஒன்றையும் என்னைத் தொட விட்டதில்லை. "நீ தொட்டா வெளங்கிடும்டா" என்பார்.

பிறகு பக்கவாதம் வந்தது. பேச்சு போய், உடம்பு போய், ஒரு விரல் மட்டும் மிஞ்சியது. அவர் பொம்மைகளில் ஒரு ஜோடிக் கலங்கரை விளக்கம் உண்டு; ஒன்றை அழுத்தினால் மற்றது எரியும். ஒன்றை அவர் விரலடியிலும் இன்னொன்றைச் சமையலறையிலும் வைத்தேன். ஒருமுறை எரிந்தால் தண்ணீர். இரண்டு முறை என்றால் சிறுநீர். விடாமல் மின்னினால் சளி அடைக்கிறது, ஓடிப்போய் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். "அஞ்சு நிமிஷம் தாண்டக் கூடாதுங்க" என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். நான்கு வருடம் நான் தாண்டியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

குடியிருப்பில் வீட்டு அலங்காரப் போட்டி வைத்தார்கள். எனக்கும் ஆசை வந்தது. பழைய சைக்கிள் சக்கரத்தைக் கூடத்தின் மேல் கொக்கியில் கட்டி, அண்ணனின் பொம்மைகளைச் சுற்றிலும் தொங்கவிட்டேன். பதினொன்றுதான் தேறியது. சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்தது, என் காலண்டரைப் போலவே. சமன்செய்ய, பன்னிரண்டாவதாகச் சமையலறைக் கலங்கரை விளக்கத்தை மாட்டினேன். நான் கூடத்தில்தானே இருக்கப்போகிறேன், அவர் கூப்பிட்டால் தெரியாமலா போகும்?

சாயங்காலம் டிராயிங் டீச்சர் நடுவராக வந்தார், பின்னால் பத்துப் பதினைந்து பேர். திரையை இழுத்துவிட்டு விளக்குகளைப் போட்டேன். யாரும் சிரிக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறையாக என் கைவேலையைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கலங்கரை விளக்கம் ஒருமுறை எரிந்து அணைந்தது. தண்ணீர்தானே, பொறுக்கட்டும் என்று நினைத்தேன். சற்று நேரத்தில் விடாமல் மின்னத் தொடங்கியது.

"அது மட்டும் மின்னி மின்னி எரியுதே, எப்படிங்க பண்ணீங்க?" என்றார் டீச்சர்.

"அதுதாங்க இதுல விசேஷமே."

கைதட்டினார்கள். "உங்களைப் போய் அரைகுறைன்னு சொல்லிட்டோமே" என்று பக்கத்து வீட்டுக்காரர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அண்ணனின் அறைக்கதவு எட்டடி தூரம். நான் போனால் இவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். அத்தனையும் அண்ணன் வாங்கிய பொம்மைகள் என்ற பேச்சு வரும். பாராட்டில் பாதி அங்கே போகும். பாதி கிடைத்துக் கிடைத்து எனக்கு அலுத்துவிட்டது, ஐயா. அதனால் பெங்குவினுக்குக் கம்பி கட்டிய விதத்தை விவரித்துக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

மின்னுவது மெதுவாகி, நின்றது.

"அடடா, என்ன ஆச்சு?"

"பேட்டரி தீந்துபோச்சுங்க" என்றேன். காலையில்தான் புதிது போட்டிருந்தேன்.

முதல் பரிசு எனக்கே. எல்லாரும் போனபிறகு அறைக்குள் போனேன். விரல் பொத்தான்மேல் இருந்தது. அண்ணன் இல்லை.

நேற்று நான் கொடுத்த வாக்குமூலத்தில் 'கவனிக்கவில்லை' என்று இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள், இதுவாவது அரைகுறையாக இருக்க வேண்டாம். பன்னிரண்டு நிமிடம் மின்னியது. நான் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.