மூன்று மீற்றர் உயரப் பலகை

ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரில், நீச்சல் குளத்துத் தரிப்பிடத்தில் இரண்டு பெண்கள் ட்ராம் ஏறி எனக்கு முன்னால் அமர்ந்தார்கள். இளையவருக்கே ஐம்பது வயதிருக்கும். அவருடைய தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது.

“அக்கா, ஒரு கிரேக்கன் சொன்னதைக் கேட்டுத்தான் இண்டைக்கு அந்த உயரப் பலகையிலையிருந்து குதிச்சனான்,” என்றார் அவர்.

“ஆர், சந்தியிலை சாப்பாட்டுக்கடை வைச்சிருக்கிறவனோ?”

“இல்லை. அவர் செத்து ரெண்டாயிரம் வருசத்துக்கு மேலை. அவர் எழுதினதை மகள் பள்ளிக்கூடத்திலை படிக்கிறாள்.”

“அந்தாள் உன்னைக் குதிக்கச் சொன்னவரோ?”

“துணிஞ்ச ஆளா ஒருத்தரும் பிறக்கிறேல்லையாம். துணிவான காரியத்தைச் செய்யச் செய்யத்தான் துணிவு வருமாம். நல்ல மனுசராகிறதும் அப்பிடித்தானாம். நான் பயம் போகட்டும், பிறகு குதிப்பம் எண்டெல்லோ காத்துக்கொண்டிருந்தனான்!”

“ஓமோம், ஒவ்வொருமுறையும் ஏணியாலை இறங்கி வந்தனியெல்லோ.”

“இண்டைக்கும் பலகை நுனிமட்டும் போய் ரெண்டடி பின்னுக்கு வந்தனான். நான் இறங்கப்போறன் எண்டு நினைச்சுப் பின்னாலை நிண்ட பிள்ளையள் வழி விட்டினம். ‘இல்லை, இண்டைக்கு இறங்கேல்லை’ எண்டு சொல்லிப்போட்டுக் குதிச்சன். மூக்கு, வாய் எல்லாம் தண்ணி. மேலை வந்து பாத்தால் எல்லாரும் கை தட்டினம்!”

“அப்ப பயம் போயிட்டுதோ?”

“எங்கை போறது! அது அப்பிடியே கிடக்கு.”

“பிறகு என்ன செய்தனி?”

அவர் சிரித்த சிரிப்பில் ட்ராமில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“திரும்ப ஏறிக் குதிச்சன், அக்கா!”