டாக்டரம்மா கேக்

முழங்காலிடும் பலகைக்குப் புதிதாக மெத்தை தைத்துப் போட்டிருக்கிறீர்கள், ஃபாதர். நன்றாக இருக்கிறது. போன முறை பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தபோது வெறும் பலகைதான். முட்டி வலித்த வலியில் பாதிப் பாவம் மறந்தே போய்விட்டது. இந்த மெத்தைகூடப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கம் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். சங்கம் எதைக் கொடுத்தாலும் அதில் என் கேக்குக்கு ஒரு பங்கு உண்டு. அதைப் பற்றித்தான் பேச வந்தேன். நீங்கள் வாயைத் திறக்காமலே கேளுங்கள். முன்பல் போன இடத்தில் காற்றுப் பட்டால் கூசும். பல் டாக்டராகச் சொல்கிறேன்.

நீங்கள் மாற்றலாகி வந்து இன்னும் வருடம் திரும்பவில்லை. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன். என் சின்னவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது அந்த வகுப்பின் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. இப்போதும் ஒழுகுகிறது. மழை வந்தால் பிள்ளைகள் பெஞ்சோடு நகர்ந்து கரும்பலகைக்கு அடியில் போய் ஒண்டிக்கொள்வார்கள். டீச்சர் வாளியைத் தாண்டித் தாண்டிப் பாடம் நடத்துவார். அந்தக் கூரைக்காகத்தான் வருடா வருடம் நிதி நாள் நடத்துகிறோம். பழைய துணிக் கடை, வளையம் எறிவது, பள்ளிக்கூடத்துத் தலைமை சிஸ்டரின் தையல் வேலைப்பாடு எல்லாம் இருக்கும். கடைசியில் கேக் ஏலம்.

இந்த ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேக்கை எடுத்தவர் அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டி, "பள்ளிக்கூடத்துக்கே" என்று சொல்லி மேசையில் திரும்ப வைத்துவிடுவார். கைதட்டுவார்கள். உடனே அதே கேக் மறுபடி ஏலத்துக்கு வரும். இப்படி ஒரே கேக்கை இருட்டும் வரை விற்போம். வீட்டுக்கு எடுத்துப் போனால் கஞ்சன் என்று பெயர் வந்துவிடும் என்பதால் யாரும் எடுத்துப் போனதே இல்லை.

முதல் வருடம் நான் நிஜமான கேக்தான் செய்தேன். கூடை முட்டை, வெண்ணெய், ஒரு நாள் முழுக்க நின்று அடித்த கை வலி. பாதிக் கூட்டம் அதைத் தூக்கிப் பார்த்தது, ஒருவர்கூடச் சாப்பிடவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. உலகத்தில் எத்தனை பேர் பசியோடு இருக்கிறார்கள், சாப்பிடாத கேக்குக்கு எதற்கு இத்தனை முட்டை என்று யோசித்தேன். கிளினிக்கில் பல் அச்சு வார்க்கும் பிளாஸ்டர் மாவு மூட்டையாகக் கிடந்தது.

தண்ணீர் விட்டுக் குழைத்து, குமிழி இல்லாமல் தட்டித் தட்டி வார்க்க வேண்டும். அது எனக்குக் கைவந்த வேலை. இறுகும்போது அந்த மாவு தானாகவே சூடாகும். தொட்டால் இப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்தது மாதிரி இருக்கும். வெனிலா எசன்ஸ் நாலு சொட்டு விட்டேன், மேலே வெண்ணெயும் சர்க்கரையும் குழைத்துக் கனமாகப் பூசினேன், ரோஜாப்பூ வைத்தேன். ஏலத்தில் தூக்கிப் பார்த்தவர்கள் எல்லாம், "என்னா கனம், டாக்டரம்மா வெண்ணெயை அள்ளிப் போட்டிருக்காங்க" என்றார்கள். அந்த வருடம்தான் ஏலம் சூடு பிடித்தது. அதற்கு டாக்டரம்மா கேக் என்று பெயரே வந்துவிட்டது.

ஏலம் முடிந்ததும் முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லி எடுத்துப் போய்விடுவேன். மேல்பூச்சைச் சுரண்டி, கழுவித் துடைத்து, எக்ஸ்ரே மெஷினுக்குப் பின்னால் வைப்பேன். அடுத்த வருடம் புதுப் பூச்சு. முதியோர் இல்லத்திலிருந்து ஒரு நன்றிகூட வருவதில்லையே என்று தலைமை சிஸ்டர் ஒருமுறை வருத்தப்பட்டார். வயசானவர்கள் அப்படித்தான் என்று சொன்னேன்.

இந்த வருடம் கடைசியாக ஏலம் எடுத்தது கறிக்கடைக்காரர். மகனை இப்போதுதான் சேர்த்திருக்கிறார், வழக்கம் தெரியாது. கேக்கைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "எல்லாரும் வாங்க, வெட்டிச் சாப்பிடலாம்" என்றார். சங்கத் தலைவர் அவர் காதோரம் போய், "அண்ணே, அதை யாரும் சாப்பிடறதில்ல" என்றார்.

"சாப்பிடறதில்லன்னா அப்புறம் எதுக்குக் கேக்கு?" என்றார் கறிக்கடைக்காரர்.

நியாயமான கேள்வி. கத்தி வந்தது, வளைந்தது. அவர் சளைக்கிற ஆள் இல்லை. வண்டிக்குப் போய் எலும்பு வெட்டும் கத்தியைக் கொண்டுவந்து ஒரே போடாகப் போட்டார். பொறி பறந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். அது மிகை, தூசிதான் பறந்தது. அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மைக் என் கையில் இல்லை.

முதல் துண்டை மரியாதைக்காக உங்களுக்குக் கொடுத்தார். நீங்கள் கடித்தீர்கள். மடக்கென்று ஒரு சத்தம் எனக்குக் கேட்டது, தொழில் பழக்கம். நீங்கள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் நிற்க, "அருமை" என்றீர்கள். குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள் ஃபாதர், மற்றவர்களுக்கு அதுதான் வினையாகப் போயிற்று. ஃபாதரே அருமை என்ற பிறகு முகத்தைச் சுளிக்க யாருக்கு மனசு வரும். தலைமை சிஸ்டர் கடித்துவிட்டு, "நல்லா மொறுமொறுன்னு இருக்கு" என்றார். சங்கத் தலைவர் துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நன்றியுரையே வாசித்து முடித்தார். பொருளாளர் இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினார், பாவம், நல்ல மனுஷன். பிள்ளைகள் பக்கம் போவதற்குள் தட்டை நான் வாங்கிக்கொண்டேன். என்னைக் கல்நெஞ்சக்காரி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

திங்கட்கிழமை என் கிளினிக் பெஞ்சில் உட்கார இடம் இல்லை. சங்கத்தின் செயற்குழுக் கூட்டத்தை அங்கேயே நடத்தியிருக்கலாம், எல்லோரும் வந்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் பாதிக் கட்டணம்தான் வாங்கினேன். என் வீட்டுக்காரர், "உனக்கு இந்த மாசம் நல்ல யோகம்" என்றார். நான் அவரோடு அன்று முழுக்கப் பேசவில்லை. லாபத்துக்காக ஒரு காரியத்தைச் செய்கிறவள் இல்லை நான்.

கேக் ஏன் அப்படி இருந்தது என்று எல்லோரும் கேட்டார்கள். ஏதாவது சொல்லத்தானே வேண்டும். முந்தின நாள் ராத்திரி கேக் கன்னியர் மடத்துச் சமையல்கட்டில், ஐஸ் பெட்டியில் இருந்தது. அதைச் சமையல்கட்டு சிஸ்டர் அளவுக்கு மீறிக் குளிரில் வைத்துவிட்டார், கேக் உள்வரை உறைந்து போயிற்று, உறைந்த பொருளைக் கடித்தால் பல் போகும் என்று சொன்னேன். டாக்டர் சொன்னால் மறுபேச்சு ஏது. மிச்சத் துண்டுகளைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று நானே வாரிக்கொண்டு வந்துவிட்டேன். சமையல்கட்டு சிஸ்டர் முதலில், "நான் அந்தப் பெட்டியத் தொடவே இல்லயே டாக்டரம்மா" என்றார். பிறகு, "ஒருவேளை நான்தானோ என்னமோ, எனக்கு ஞாபக மறதி ஜாஸ்தி" என்று அழுதார். அந்த அம்மா அப்படித்தான். மழை பெய்தாலும் தன்னால்தானோ என்று யோசிப்பார்.

இப்போது அவரைத் தொலைவில் ஒரு மடத்துக்கு மாற்றப் போவதாகப் பேச்சு. அங்கே சமையல் வேலை கிடையாது, துணி மடிக்கிற வேலைதான். அவர் ஊற்றும் மத்தியானச் சூப்புக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகள் அதைக் கேட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதார்கள். என் சின்னவளும் அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் ஒன்று நடந்தது, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த நிஜக் கேக் ஏலம் முடிந்ததும் மடத்துக்குத்தான் போயிற்று. மறுநாள் தட்டை வாங்கப் போனேன். கேக் அப்படியே இருந்தது, பின்பக்கம் மட்டும் ஒரு சின்னத் துண்டு வெட்டியிருந்தது. சமையல்கட்டு சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நான் மட்டும் கொஞ்சம் சாப்பிட்டேன் டாக்டரம்மா. முட்டை வாடை தூக்கலா இருக்கு, நடுவுல வேகல. அடுத்த வருஷம் நான் செஞ்சு தரட்டுமா? பேரு உங்க பேராவே இருக்கட்டும்" என்றார். சிரித்த முகமாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அந்தக் கேக்கைக் குப்பையில் போட்டேன். பிளாஸ்டர் யோசனை வந்தது அதற்குப் பிறகுதான், ஆனால் முட்டை வீணாகிறதே என்ற கவலையில் வந்தது.

இன்று ஏன் வந்தேன் என்று கேட்பீர்கள். நேற்று உங்கள் பல்லுக்கு அச்செடுத்து மாவு குழைக்கும்போது ஒரு சொட்டு உங்கள் உதட்டில் தெறித்தது. நீங்கள் நாக்கால் தொட்டுப் பார்த்து, "இந்த ருசிய எங்கயோ பாத்திருக்கேனே" என்றீர்கள். பிறகு என்னையே பார்த்தீர்கள். நாளை பல் மாட்ட வருகிறீர்கள். பள்ளித் தாளாளர் என்ற முறையில் நாளைதான் கன்னியர் சபைத் தலைவி அம்மாவிடம் அந்த சிஸ்டரைப் பற்றி முடிவும் சொல்கிறீர்கள். நாற்காலியில் சாய்ந்திருக்கும்போது உங்களுக்கு ஞாபகம் வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். நீங்களாகக் கண்டுபிடித்தால் ஊருக்கே சொல்லலாம். ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் உயிர் போனாலும் சொல்லக் கூடாது, அதை வைத்துப் பாவம் சொன்னவரைக் காட்டிக் கொடுக்கும் எந்தக் காரியமும் செய்யக் கூடாது. என் சின்னவளின் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் ஒரு நாள் முந்திக்கொண்டேன். கேக்கை வார்த்தது நான். அந்த அம்மாவை மாட்டிவிட்டதும் நான். சொல்லிவிட்டேன், மனசு லேசாகிவிட்டது. பாவத்துக்குப் பரிகாரமாக ஓர் அபராதம் கொடுங்கள்.

...

வாயைத் திறந்துவிட்டீர்கள், ஃபாதர். சரி, மெதுவாகப் பேசுங்கள், காற்று விசிலடித்தாலும் எனக்குப் புரியும்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேம்மா, சொல்லவும் முடியாது" என்கிறீர்கள். "நீங்களும் ஊர் முன்னாடி நின்னு உண்மையச் சொல்ல வேணாம். காலையில சபைத் தலைவி அம்மாவைப் போய்ப் பாருங்க. 'அந்த சிஸ்டர் இங்கேயே இருக்கட்டும், அடுத்த வருஷம் ஏலத்துக்கு அவங்களே கேக் செய்யட்டும்'னு ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. நீங்க கேட்டா அவங்க தட்ட மாட்டாங்க. அவ்வளவுதான் உங்களுக்கு அபராதம்."

அவ்வளவுதான் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். ஜெபமாலை சொல்லச் சொல்லுங்கள், மெத்தை இல்லாமல் முழங்காலில் நின்று சொல்கிறேன். ஒரு மாதம் உபவாசம் இருக்கச் சொல்லுங்கள், இருக்கிறேன். உங்கள் பல்லுக்கு ஒரு காசு வாங்க மாட்டேன். வேண்டுமானால் ஒன்றாம் வகுப்புக் கூரை மொத்தத்தையும் என் செலவிலேயே அடுத்த வாரம் மாற்றித் தருகிறேன், எனக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை, எந்த வருடமும் செய்திருப்பேன். கேக்கை மட்டும் கேட்காதீர்கள், ஃபாதர். அந்த அம்மா கேக் செய்தால் முதல் ஏலம் எடுக்கிறவரே வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டுவிடுவார். அப்புறம் அந்தப் பிள்ளைகளின் கூரைக்கு யார் நிதி திரட்டுவது?