ஓவன் லைன் சூப்பர்வைசர்

— ஏன் வள்ளி, கேட்ல லோரி ஏறினதுலேர்ந்து வாயே திறக்கலை? இன்டர்வியூ ஊத்திக்கிச்சா?

— முதல்ல தண்ணி கொடுங்க. பாஸ்கிட்ட மாண்டரின்லயே பேசி நாக்கு சுளுக்கிக்கிச்சு.

— அடேயப்பா! கிள்ளான் பிஸ்கட் ஃபேக்டரியில நம்மாளு ஒருத்தி மாண்டரின் பேசினான்னா, இன்னிக்கு மழைதான் லா!

— கிண்டல் பண்ணாதீங்க. சூப்பர்வைசர் வேலைக்கு மாண்டரின் கட்டாயம்னு சொல்லிச் சொல்லித்தானே என்னை ஓவன் பக்கத்துலயே நிக்க வெச்சாங்க. புதுசா வந்த மூணு பேருக்கு நான்தான் வேலை பழக்கினேன். மூணு பேரும் எனக்கே சூப்பர்வைசர் ஆனாங்க, டபுள் சம்பளத்துல. பாக்கிங்ல மாரியாயி அக்காவுக்கும் இதே கதைதான். 'இனிமே என் நாக்கு வளையாதும்மா'ன்னு அவங்க விட்டுட்டாங்க.

— நானா இருந்தா அன்னிக்கே ஏப்ரனைக் கழட்டி வீசிட்டு வந்திருப்பேன். நீ என்னடான்னா, ரெஸ்ட் டைம்ல உன்கூட வேலை செய்யற சீனப் பொண்ணு சியூ லான்கூட உட்கார்ந்து, உடைஞ்ச பிஸ்கட்டைத் தின்னுக்கிட்டே பாஷை படிச்சே. சரி, பாஸ் என்ன சொன்னார்?

— வாயைத் திறந்ததும் சிரிச்சிட்டார். 'ஹொக்கியன் வாடை அடிக்குது, எங்கம்மா பேசற மாதிரியே இருக்கு'ன்னார். சியூ லான் வீட்டுல பேசற சீனம் ஹொக்கியன்தானே!

— ஐயோ! அப்புறம்?

— அப்புறம் என்ன, கை கொடுத்தார். நான்தாங்க சூப்பர்வைசர். அந்த மூணு பேரும் வாங்கின அதே சம்பளம்.

— அடேயப்பா... இரு, லோரியை ஓரங்கட்டறேன். கண்ணு மறைக்குது. சத்தியமா சொல்றேன் வள்ளி, உன் புருஷன்னு சொல்லிக்கவே பெருமையா இருக்கு. இனி தினமும் மாண்டரின்லதான் அதிகாரமா?

— அதைத்தான் அவர்கிட்டயும் கேட்டேன், யார்கிட்ட பேசணும்னு. ஓவன் லைன்ல இருக்கிறது நேப்பாளி, பங்ளா, நம்மாளுங்க. பேசறது எல்லாம் மலாய். பாஸ் லைன் ஆளுங்க லிஸ்ட்டை எடுத்துப் பார்த்துட்டு, 'யார்கிட்டயும் இல்லை'ன்னார்.

— என்னது! அப்ப நீ படிச்சதெல்லாம் வீணா?

— வீணா? படிக்கலைன்னா அந்தக் கேள்வியை அவர் ரூமுக்குள்ள போய்க் கேட்டிருக்க முடியுமா? பாக்கிங்குக்கும் சூப்பர்வைசர் தேடறாங்க. 'மாண்டரின் கட்டாயம்'னு இனிமே போடாதீங்கன்னேன். சரின்னுட்டார். நாளைக்குக் காலையில மாரியாயி அக்காவையும் லோரியில ஏத்திக்குங்க. இன்டர்வியூ அவங்களுக்கு.