முதல் நோன்பில் ஊட்டிய தேன்

கண்டி, 1934. பொலிஸ் சார்ஜன் எழுதிக்கொண்டது.

என் பெயர் றம்லத் உம்மா. வயது ஐம்பத்தெட்டு. கட்டுக்கலையில் குடியிருக்கிறேன். புடைவைக்கடை சாஹுல் ஹமீது என் கணவர். வீட்டுக்கு வந்த சார்ஜன் ஐயாவுக்குத் திரைக்குப் பின்னால் இருந்து இதைச் சொல்கிறேன்.

ஊசியில் நஞ்சு வைத்தார் என்று, டாக்டரிடம் மருந்து கலந்து கொடுக்கும் டிஸ்பென்சர் தியாகராஜாவை ஸ்டேஷனில் அடைத்திருக்கிறார்கள். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

என் கணவருக்குப் பல வருடமாக நீரிழிவு. காலில் புண் வந்து ஆறாமல் கிடந்தது. போன வருடம் டாக்டர் இன்சுலின் என்ற புது ஊசியை ஆரம்பித்த பிறகுதான் எழுந்து நடந்தார். தினமும் காலையில் தியாகராஜா வீட்டுக்கு வந்து அதைப் போடுவார். போட்டதும் சாப்பிட வேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பான கட்டளை.

நேற்று மாலை ரமழான் பிறை தென்பட்டது. இன்று முதல் நோன்பு. நோயாளிக்கு விலக்கு உண்டு என்று நானும் சொன்னேன், மௌலவியும் சொன்னார். என் கணவரின் பிடிவாதம் கடைவீதிக்கே தெரியும். "ஊசி தோலுக்குள்ளதானே போகுது, வயித்துக்கில்லையே. நோம்பு முறியாது" என்றார். ஊசியால் நோன்புக்கு என்ன ஆகும் என்றுதான் யோசித்தோம். நோன்பிருந்தால் ஊசி என்ன செய்யும் என்று இந்த வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை.

இன்று காலையும் தியாகராஜா வந்தார். பிறை கண்ட விஷயம் அவருக்குத் தெரியாது. "சாப்பாடு ரெடியா முதலாளி?" என்று வழக்கம்போல் கேட்டார். "எல்லாம் ஆச்சு, நீங்க குத்துங்க" என்றார் என் கணவர். இதை என் காதால் கேட்டேன்.

பகல் தொழுகைக்கு முன்னால் என் கணவர் கதிரையிலிருந்து சரிந்தார். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. கொழுந்தன் றவூப் நஞ்சு, நஞ்சு என்று கத்திக்கொண்டு பொலிசுக்கு ஓடினார். டாக்டருக்கும் ஆள் போனது. மூச்சு அடங்கப்போகிறது என்று எல்லோரும் நினைத்து அவரை மக்கா இருக்கும் கிப்லா பக்கம் திருப்பிப் படுக்கவைத்து, குர்ஆனில் யாஸீன் ஓதத் தொடங்கினார்கள்.

பிரியப்போகிற உயிருக்கு வாயை நனைத்து அனுப்புவது எங்கள் வழக்கம். தெல்தெனியவிலிருந்து வந்த தேன் அலுமாரியில் இருந்தது. அதை விரலில் தொட்டு உதட்டின் உள்ளே தடவினேன். மறுபடியும் தடவினேன். நாக்கு அசைந்தது. நான் நிறுத்தவில்லை. ஓதி முடிவதற்குள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இப்போது சொல்லும்போதும் சிலிர்க்கிறது. வழியனுப்பக் கொடுத்த தேனில் என் மனுசன் திரும்பி வந்தார்.

வந்தவர் சொன்ன முதல் வார்த்தை, "ஏன் தேன் தந்த? என்ட நோம்பு போச்சே" என்பதுதான்.

அதன் பிறகு வந்த டாக்டர் நடந்ததைக் கேட்டுவிட்டுத் தேன் போத்தலைக் கையில் எடுத்துப் பார்த்தார். சாப்பிடாததால் ஊசி இரத்தத்தில் இருந்த சர்க்கரையைக் குறைத்துவிட்டதென்றும், தேன் அதைத் திருப்பிக் கொடுத்ததென்றும் சொன்னார். இருக்கலாம். அந்த நேரத்தில் அலுமாரிப் பக்கம் என் கையை நீட்டவைத்தவன் அல்லாஹ்.

எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, பொய் ஒன்றும் இல்லை. முடிவில் ஒன்று சேர்க்கச் சொன்னேன்: தியாகராஜாவை இன்றைக்கே விட்டுவிடுங்கள். நாளைக் காலை ஊசிக்கு அவர் வர வேண்டும். கஞ்சிக் கோப்பையோடு நான் பக்கத்தில் நிற்பேன்.

றம்லத் உம்மா, இடது பெருவிரல் அடையாளம். போத்தலைப் பிடித்திருந்த அந்த விரலில் தேன் பிசுக்கு இருந்ததால், கழுவிய பின் இரண்டாம் முறை எடுக்கப்பட்டது.