நாலாவது இஞ்செக்டர்

– நாலாவது இஞ்செக்டர், அந்தோணி! ஆறு மாசத்துல நாலு. வாணியம்பாடி தாண்டி கரும்புகையக் கக்கிட்டு நின்னுடுச்சு. தோல் சரக்கோட கயிறு கட்டி இழுத்துக்கினு வந்தோம்.

– உக்காருங்க நசீர் பாய். அந்த ஸ்டூல் வேணாம், கிரீஸ் இருக்குது. வேனுக்கு இன்னா வயசு?

– என் ரெண்டாவது பொண்ணு வயசு. பதினாலு. இத்தனை வருஷம் ஒழுங்காதானே ஓடுச்சு.

– மொத மூணு போனப்போ டிரைவர் சம்பத் மேல பழியப் போட்டோம். டீசலை வித்துட்டு மண்ணெண்ணெய் கலக்கறான்னு.

– அதான் எனக்குப் பேஜாரு. அவன நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு. டிரைவர் புதுசு. டீசல் பேரல் சாவி என் இடுப்புல. நானே நின்னு ஊத்தறேன். அப்பவும் போச்சுன்னா? அரே, தப்பான ஆளையா விரட்டினேன்? எனக்கு அது தெரியணும். வண்டி அப்பால.

– தெரிஞ்சாகணும் பாய். சம்பத் இப்ப குடியாத்தத்துல மச்சான் வீட்டு லுங்கித் தறியில நூல் சுத்தறான். திருடன்னு பேராயிடுச்சு, தோல் பதம் போடற ஒரு ஷாப்புலயும் ஸ்டியரிங் குடுக்க மாட்டேங்கறாங்க.

– மண்ணெண்ணெய் வாசனை அடிக்குதுன்னு சொன்னதே நீதானே?

– சொன்னேன். நான் அவ்ளோ பெரிய அறிவாளி! இந்தக் கடையில எதுல அடிக்காது அந்த வாசனை? பார்ட்ஸ் கழுவறதே அதுலதான். என் சட்டைய மோந்து பாருங்க.

– உன்ன விடு. சம்பத்தே ஒத்துக்கினானே! "ஆமா பாய், நான்தான் கலந்தேன்"னு என் மூஞ்சப் பாத்துச் சொன்னான். பதினோரு வருஷம் எங்கிட்ட ஓட்டினவன்.

– அதான் எனக்கும் குடையுது. சரி, கழட்டியாச்சு, இப்படி வாங்க. டீசலை எஞ்சினுக்குள்ள பீச்சற இஞ்செக்டர் ஊசி இது, பாருங்க. மண்ணெண்ணெய்ன்னா எண்ணெய்ப் பசை இல்லாம உராஞ்சி கோடு விழுந்திருக்கும். இதுல என்னமோ அடைச்சிக்கினு இல்ல இருக்குது!

– மண்ணா?

– மண்ணுன்னா விரல்ல நறநறங்கும். இது மெத்துனு இருக்குது. ஃபில்டர் கிண்ணத்தை வெள்ளைத் துணியில கவுக்கறேன், பாருங்க.

– நீலமா வருதே!

– நீலமும் சாம்பலும். டீசல்ல ஏது பாய் பஞ்சு? கொஞ்சம் பெட்ரோல்ல அலசி வெயில்ல வெக்கறேன். நீங்க டீ குடிங்க.

– டீ ஆச்சு. காஞ்சிடுச்சா?

– காஞ்சிடுச்சு. அந்த பெட்ரோல் டப்பாவ அந்தாண்ட தள்ளுங்க, தீக்குச்சி கிழிக்கறேன். இன்னா வாசனை பாய்?

– யா அல்லா. தோல் கருகற வாசனை. பொறந்ததுல இருந்து இந்த மூக்கு அதுலதானே இருக்குது. பஃபிங் தூள் அந்தோணி! பதம் போட்ட நீலத் தோலை மெஷின்ல தேய்க்கறப்போ பறக்குமே, அது.

– அது எப்படி டேங்குக்குள்ள போச்சு? நீங்க டீசல் ஊத்தற மாதிரி அப்படியே செஞ்சி காட்டுங்க.

– செய்ய இன்னா இருக்குது? டேங்கு வாயில புனல். புனல்ல தோல். அது மேல ஊத்துவேன்.

– புனல்ல இன்னா?

– தோலுப்பா. டீசல் தட்டுப்பாடுன்னு இந்த ஆறு மாசமா பேரல்ல புடிச்சி வெக்கறோம், துரு, தண்ணி எல்லாம் இருக்குது. உலகச் சண்டை காலத்துல எங்க அப்பா காருக்கு பெட்ரோலைத் தோல்ல வடிகட்டித்தான் ஊத்துவாரு. ஒரு சொட்டுத் தண்ணி இறங்காது.

– அது அதுக்குன்னே எண்ணெயில பதம் போட்டு, பத்து தரம் அலசின தோல் பாய். நீங்க போட்டது?

– நம்ம சரக்குதான். மெல்லிசா, நல்லா தேய்ச்சது, ஃபர்ஸ்ட் கிளாஸ். வாரா வாரம் புதுசு.

– அப்ப வாரா வாரம் புதுத் தூள்! ஃபில்டர் துணியும் கழுவிக் கழுவி நைஞ்சு போச்சு, நேரா இஞ்செக்டருக்கே இறங்கியிருக்குது. ஆம்பூர விட்டா இத வேற எந்த ஊர்ல செய்வாங்க? பழைய வேட்டியக் கட்டி வடிகட்டியிருந்தா வண்டி ஓடியிருக்கும்.

– நான் சொல்லித்தான் சம்பத்தும் அப்படி ஊத்தினான்.

– அப்ப ஃபில்டரக் கழுவினது யாரு?

– அவன்தான்.

– இந்த நீலத்தை அவன் பாக்காமயா இருப்பான்?

– பாத்தா சொல்ல வேண்டியதுதானே! நான் அவன் வாயைப் பொத்தினேனா? செய்யாதத ஏன் செஞ்சேன்னான்?

– எங்க வெச்சு கேட்டீங்க?

– குடோன்ல. கத்திதான் கேட்டேன். அன்னிக்கே நிறுத்திட்டேன், அப்பறம் அவன் மூஞ்சியே பாக்கல.

– பக்கத்துல யாரு இருந்தாங்க?

– மெட்ராஸ் எக்ஸ்போர்ட் பார்ட்டி ரெண்டு பேரு. தோலை விரிச்சித் தடவிப் பாத்துக்கினு இருந்தாங்க. வருஷத்து ஆர்டரே அவங்களுது, அன்னிக்கு சாயங்காலம்தான் கையெழுத்து ஆச்சு.

– அவங்க காதுல விழற மாதிரி, "உங்க தோல்ல தூள் கொட்டுது பாய்"னு எப்படிச் சொல்லுவான் அவன்?